எந்தோத்தோ மலையடியில் பின்பக்கத்து அறை

சனிக்கிழமை, காலை 6.45.

ஹிருத் குளித்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். மேசைமேல் தங்கச் சங்கிலி இருந்தது. பணப்பை இருந்தது. பாஸ்போர்ட் இருந்தது. சங்கிலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போன போன் மட்டும் இல்லை.

மெத்தையைப் புரட்டினாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். பிறகு ஈரத் தலையோடு முற்றத்துக்கு ஓடி வந்து ஒரு கத்து கத்தினாள்.

"என் போன எவன் எடுத்தான்? அதுல எங்கம்மா குரல் இருக்கு!"

முற்றத்தில் அப்போது பதினோரு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மலையேற வந்தவர்கள். எந்தோத்தோ மலைப்பாதை ஸெனபெச்சின் விடுதி வாசலில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கே அவள் வெளிக்கதவைத் திறந்துவிடுவாள். அறை எடுத்தவர், எடுக்காதவர் எல்லாரும் உள்ளே வந்து ஒரு கோப்பை குடித்துவிட்டு ஏறுவார்கள். அடிஸ் அபாபாவில் பாதிப் பேர் தொப்பையைக் கரைக்க இந்த மலைக்கு வருகிறார்கள். மீதிப் பேர் அவர்களுக்குக் காப்பி விற்கிறார்கள்.

தொலைந்தது பழைய போன். கண்ணாடியில் குறுக்கே விரிசல். அதற்குப் போய் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்களா என்று ஸெனபெச் தடுத்துப் பார்த்தாள். ஹிருத் காதில் வாங்கவில்லை. தலையைக்கூடத் துவட்டாமல் சரிவில் இறங்கிப் போய்க் காவல் சாவடிக் கதவைத் தட்டினாள்.

காலை 7.30.

சார்ஜண்ட் அஸ்கலே வறுத்த பார்லியை மென்றுகொண்டே ஏறி வந்தாள். நாற்பத்தாறு வயது. இடது முழங்கால் வலி. காலைச் சாப்பாடு இறங்காதவரை யாரிடமும் சிரிப்பதில்லை. ஷிரோ மேடாவில், நெத்தெலா விற்கிற தெருவில் வளர்ந்தவள். பெண்கள் போர்த்திக்கொள்கிற அந்த மெல்லிய வெள்ளைத் துணியின் வண்ணக் கரை எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தே, போகிறவள் கோயிலுக்குப் போகிறாளா, கல்யாணத்துக்குப் போகிறாளா என்று சொல்லிவிடுவாள். இந்தத் திறமைக்குக் காவல் துறையில் பதவி உயர்வு கிடையாது.

முதலில் அறையைப் பார்த்தாள். விடுதியின் பின்பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு கையெட்டும் தூரத்தில் சுவர். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு, வெளியே பூட்டு இல்லை. மேசையில் சங்கிலி ஒரு கைக்குட்டைமேல் சுருண்டு கிடந்தது, கொக்கி மாட்டியபடி.

"கொக்கிய மாட்டித்தான் வெச்சிருந்தியா?"

"இல்ல. கழட்டி அப்படியே போட்டுட்டுப் போனேன்."

ஹிருத் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்துமூன்று வயது. இரண்டு அளவு பெரிதான ஒரு நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள். விலைச்சீட்டு இன்னும் காலரில் தொங்கியது.

"எங்கேருந்து வந்த?"

"ரியாத்துலேருந்து. ஆறு வருஷம், ஒரு வீட்ல குழந்தை பாத்துக்கற வேலை. வியாழக்கிழமை ராத்திரி வந்து இறங்கினேன்."

"சொந்த ஊரு?"

"இதேதான். குலெலேல வீடு."

"வீடு இங்க நடக்கற தூரத்துல இருக்கு. விடுதி எதுக்கு?"

"அண்ணன் பாத்து வெச்சான். அம்மா ஒரு மாசமா மேல கோயில் தீர்த்தத்துல இருக்கான்னு சொன்னான். வேண்டுதலாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் யார் முகத்தையும் பாக்கக் கூடாதாம், போன் தொடக் கூடாதாம். அது முடிஞ்சதும் நடந்தே போய்ப் பாக்கற மாதிரி மலையடில எடம் எடுத்தேன்னு சொன்னான்."

அப்படித் தினமும் தீர்த்தமாடிக்கொண்டு வேண்டுதல் இருக்கிறவர்கள் மேலே எத்தனையோ பேர். அஸ்கலேயின் அத்தையே பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தவள். அதனால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"போன்ல என்ன இருந்துது?"

"எங்கம்மா குரல். எழுதத் தெரியாது, பேசித்தான் அனுப்புவா. கோழி முட்டையிட்டா ஒண்ணு, பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தா ஒண்ணு, மழை பேஞ்சா ஒண்ணு. நூத்திப் பதினாலு இருக்கு. வேற எங்கயும் எடுத்து வெக்கல." ஹிருத் மூக்கை உறிஞ்சினாள். "சங்கிலிய வேணா எடுத்துக்கட்டும் சார்ஜண்ட். அத மட்டும் குடுத்துடச் சொல்லுங்க."

"இங்க வந்தப்புறம் யார்கிட்டயாவது பேசினியா?"

"எப்படிப் பேச? அங்கத்து சிம் இங்க எடுக்கல. அண்ணன் புதுசு கொண்டாரேன்னு ரெண்டு நாளா மறக்கறான். இங்க வைஃபையும் இல்ல. நேத்து சாயங்காலம் மூணாம் நம்பர் ரூம்ல இருக்கற நஹோம் தன்கிட்ட இருந்த ஒரு சிம் குடுத்தான்."

"வேலை செஞ்சுதா?"

"கொஞ்ச நேரம்," என்று சொல்லிவிட்டு ஹிருத் ஜன்னலுக்கு வெளியே சுவரைப் பார்த்தாள்.

அப்போது ஸெனபெச் காப்பித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயசுக்காரி. முற்றத்தில் இவ்வளவு நேரமும் மலையேறிகளை விரட்டி விரட்டிக் காப்பி ஊற்றியவள், இங்கே வந்ததும் குரலே இல்லாமல் நின்றாள். தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, காலருகே கிடந்த நெத்தெலாக் கரையை மேலே திருப்பிக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பிறகுதான் உள்ளே கால் வைத்தாள். கோப்பையை ஹிருத்தின் இரண்டு கைக்குள்ளும் வைத்து, அந்தக் கைகளை ஒரு நிமிஷம் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

அஸ்கலே பார்லி மெல்வதை நிறுத்தினாள்.

காலை 8.05.

முற்றத்தில், அஸ்கலேயோடு வந்திருந்த கான்ஸ்டபிள் ஒரு பையனைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தான். நஹோம். மலைப்பாதையில் கூட்டிப்போகிற வழிகாட்டி. காது வரை புழுதி.

"இவன்தான் மேடம். சிம் குடுக்கற சாக்குல ரூமுக்குள்ள போயி எங்க என்ன இருக்குன்னு பாத்து வெச்சிருக்கான்."

"ஏன்யா, சிம்ம குடுத்துட்டு போனத் திருடறவன் இருப்பானா? போனத் திருடிட்டு சிம்மக் குடுத்தாக்கூட நம்பலாம்," என்றாள் அஸ்கலே. "எத்தனை மணிக்குடா கிளம்பின?"

"ஆறு மணிக்கு மேடம். அஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு. அதோ அந்த குண்டு ஐயாவக் கேளுங்க, வழி பூரா அவரத் தள்ளிக்கிட்டுத்தான் போனேன்."

குண்டு ஐயா மூச்சு வாங்கிக்கொண்டே ஆமாம் என்று கையை ஆட்டினார்.

"வைஃபை எப்பலேருந்து இல்ல?"

"வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் பறந்துது மேடம். ராத்திரி வந்து பாத்தா செத்துக் கெடக்கு. ஸெனபெச் அக்காவக் கேட்டா மழைல போயிடுச்சுங்கறாங்க. ஜனவரி மாசம்! எனக்குத் தெரியாம எங்க பேஞ்சுதோ. ரெண்டு வெள்ளக்காரங்க கோவிச்சுக்கிட்டு ரூமக் காலி பண்ணிட்டாங்க, அப்பவும் சரி பண்ணல."

"எந்த ரூம்?"

"முன்னாடி ரூம். மலை பூரா தெரியுமே, அது."

"அவனை விடுய்யா," என்றாள் அஸ்கலே. "முகம் கழுவிட்டுப் போகட்டும்."

காலை 8.25.

ஸெனபெச் அடுப்படியில் இஞ்செரா அப்பத்தைப் பிய்த்துப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். நெத்தெலாக் கரை மறுபடி காலருகே இறங்கியிருந்தது.

"காலைல ஆறிலேருந்து ஆறே முக்கால் வரைக்கும் எங்க இருந்தீங்கக்கா?"

"எங்க இருப்பேன்? காப்பி ஊத்திட்டு இருந்தேன். பதினோரு பேரு. யார் உள்ள போனா, யார் வெளிய வந்தான்னு நான் கணக்கா வெச்சிட்டிருக்கேன்?"

"சிம் போட்ட போன் வேலை செஞ்சுதாமே?"

"இல்லியே! ராத்திரி சாப்பிடறப்ப அவளே சொன்னா. 'எடுக்கல, நாளைக்குக் காலைல கடையில காசு ஏத்தினாத்தான் பேசும்'னா."

அஸ்கலே இதை மனசில் போட்டுக்கொண்டாள். ஒரே போன். மாலையில் வேலை செய்தது என்கிறவள், இரவுச் சாப்பாட்டில் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"அவளுக்கு ஏன் அந்த ரூம் குடுத்தீங்க? மலை பாக்க வர்றவங்களுக்கு சுவரக் காட்டறீங்க."

"அவ அண்ணன் கேட்டது அதுதான். முன்னாடி ரூம் அன்னிக்குக் காலி இல்லதான், ஆனா பக்கத்து ரூம் காலியா இருந்துது. பூட்டுள்ள ரூம். வேணாம், பின்னாடிதான் வேணும்னு நின்னாரு."

கான்ஸ்டபிள் அதற்குள் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்திருந்தான். ஹிருத்தின் அண்ணன் தெரேஜே இந்த மலையைச் சுற்றி மூன்று விடுதிகள் பார்த்திருக்கிறான். முதலாவது கோயில் வாசலிலேயே இருந்தது. நல்ல அறை. வேண்டாம் என்றுவிட்டான். இரண்டாவது ஷிரோ மேடா சந்தையில், இவர்கள் அம்மா இருபது வருஷமாக மிளகாய்ப்பொடி விற்கிற கடைக்கு நாலாவது வீடு. படியேறாமலே திரும்பிப் போய்விட்டான்.

காலை 8.40.

தெரேஜே ரொட்டியோடு வந்தான். நாற்பது வயது. பஸ் ஓட்டுகிறவன். மஞ்சள் சட்டை, மடிப்புத் தடம்கூட மறையாத புதுச் சட்டை. நெற்றியும் கன்னமும் வெயிலில் கருத்திருந்தன. தாடை மட்டும் வெளுத்து, இரண்டு இடத்தில் பிளேடு கீறியிருந்தது.

போன் போன செய்தியைக் கேட்டதும் அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை. பெருமூச்சு.

"விடுங்க சார்ஜண்ட். பழைய போனு. நான் வேற வாங்கித் தரேன்."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கே வாங்கலாமே? கடை திறந்திருக்கு."

"திங்கக்கிழமை வாங்கித் தரேங்க." அவன் ரொட்டிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "கேஸெல்லாம் வேணாம். அவ கொஞ்சம் படபடப்புக்காரி."

"கோயில் வாசல் விடுதிய ஏன் வேணான்னுட்ட?"

"மணிச் சத்தம். தூங்க முடியாது."

"சந்தை விடுதி?"

"அழுக்கு."

"படியே ஏறலியாமே, உள்ள அழுக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

தெரேஜே ரொட்டிப் பையின் வாயை முறுக்கினான்.

"வா," என்றாள் அஸ்கலே. "அடுப்படிக்குப் போலாம்."

காலை 9.10.

அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பின்பக்கத்து அறை.

"ஸெனபெச் அக்கா, போன எடுங்க."

ஸெனபெச்சின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "நானா? என் விடுதிலயா?"

"நீங்கதான். திருடன் தங்கத்த விட்டுட்டுப் போவானா? அதுவும் கீழ விழுந்துடக் கூடாதுன்னு கொக்கிய மாட்டி, கைக்குட்டைமேல சுருட்டி வெச்சுட்டு? அது திருடன் கை இல்ல. அவமேல பாசம் இருக்கற கை. அதோட வியாழக்கிழமை ராத்திரி, அவ வந்து இறங்கின அதே நேரத்துல, வைஃபை செத்துப்போச்சு. வர்றவங்கள இழக்கறோம்னு தெரிஞ்சும் நீங்க சரி பண்ணல. வேணும்னே புடுங்கி வெச்சிருக்கீங்க. அப்ப உங்களுக்கு வேண்டியது போன் இல்ல. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிடக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் தெரேஜே பக்கம் திரும்பினாள்.

"நீ எடம் தேடின விதம் அதே கதையத்தான் சொல்லுது. மலைக்குப் பக்கத்துல எடம் எடுக்கறவன் எதப் பாப்பான்? பாதை கிட்ட இருக்கா, காத்து வருதா, ஜன்னலத் திறந்தா மலை தெரியுதா. நீ பாத்தது வேற. கோயில் வாசல்ல உங்க ஆளுங்க தினம் வருவாங்க. சந்தையில உங்கம்மாவத் தெரியாதவங்களே கிடையாது. அதனால அசலூர் முகமா வந்து போற இந்த எடத்துக்கு வந்த. இங்கயும் பாதையப் பாத்த ரூம் வேணாம், பூட்டு இல்லாட்டியும் பரவால்ல, சுவரப் பாத்த ரூம் போதும்னுட்ட. தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட அவ கண்ணுல படக் கூடாது. ஏன்னா தெரிஞ்சவங்க அவளைப் பாத்தாலே கட்டிப் புடிச்சு அழுதுடுவாங்க."

தெரேஜே சுவரில் சாய்ந்தான்.

"தாடைல வெயில் படாத தோல் தெரியுது. ரெண்டு மூணு வாரத் தாடிய வியாழக்கிழமை எடுத்திருக்க. எழவு விழுந்தா நாப்பது நாள் ஆகாம நம்மள்ல எவனும் எடுக்க மாட்டான். கறுப்புச் சட்டையக் கழட்டிட்டு மஞ்ச சட்டை வாங்கியிருக்க." அஸ்கலே ஸெனபெச் பக்கம் கையைக் காட்டினாள். "ஆனா உன்னை வெச்சு நான் கண்டுபிடிக்கல. இந்தக்காவோட நெத்தெலாவ வெச்சுத்தான். முற்றத்துல, என்கிட்ட, அடுப்படில, எல்லா எடத்துலயும் கரை கீழ இருந்துது. அந்தப் பொண்ணு ரூமுக்குள்ள நுழையறப்ப மட்டும் கழுத்துக்கு ஏறிடுச்சு. எழவு வீட்டுக்குள்ள போறப்ப நம்ம கை தானாப் பண்ற வேலை. நீங்க பண்ணினதே உங்களுக்குத் தெரியாது."

ஸெனபெச் குனிந்து தன் நெத்தெலாவைப் பார்த்தாள். பிறகு தெஃப் மாவு டப்பாவைத் திறந்து, கையை முழங்கை வரை விட்டு, துணியில் சுற்றிய போனை எடுத்து முக்காலிமேல் வைத்தாள்.

"பதினேழு நாளாச்சு," என்றான் தெரேஜே. "சிறுநீரகம். தீர்த்தத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனோம். நாலாவது நாளே..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அங்க, அசல் தேசத்துல, ஒரு வீட்டு வேலைல இருக்கறவளுக்கு போன்ல எப்படிங்க சொல்றது? இங்க வந்ததும் முறைப்படி சொல்லலாம்னு இருந்தோம். மாமா லெகஸேதான் சொல்லணும். அம்மாவுக்கு அண்ணன், எங்கள வளத்தவர். தெப்ரெ பிர்ஹான்ல காய்ச்சல்ல படுத்துட்டாரு. இன்னிக்கு சாயங்காலந்தான் வராரு. நாளைக்கு விடியக்காலைல சொல்றோம்."

கேதம் சொல்வதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. போனில் சொல்வதில்லை, தெருவில் சொல்வதில்லை, தனியாக இருக்கும்போது சொல்வதில்லை. விடியும் முன்னே பெரியவர்களும் உறவுக்காரர்களும் கூட்டமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். விழுகிறவளைத் தாங்க ஆள் வேண்டும். மெர்தோ என்று இதற்குப் பெயர். அவள் வெளிநாட்டில் இருந்தவரை ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. அவள் மண்ணில் கால் வைத்தாள் என்று தெரிந்ததும், முறைப்படி சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இனி போனைத் திறந்தால் ஆறுதல் செய்திகளாகத்தான் கொட்டும்.

"வியாழக்கிழமை ராத்திரி இவரு என்கிட்ட சொல்லி அழுதாரு," என்றாள் ஸெனபெச். "சிம் போட்டாச்சுன்னு அவ சொன்னதும் எனக்கு சோறு எறங்கல. நானும் பெய்ரூட்ல இருந்தவதான் சார்ஜண்ட். எங்கப்பா செத்தது எனக்கு போன்லதான் தெரிஞ்சுது. யாரோ தெரிஞ்ச பொண்ணு, எனக்குத் தெரியும்னு நெனச்சுப் பேசிட்டா. வெங்காயம் அரிஞ்சிட்டிருந்தேன். மத்தியானம் அந்த வீட்ல விருந்து. அழுதுக்கிட்டே எட்டுப் பேருக்கு சமைச்சுப் போட்டேன். வெங்காயம்னு நெனச்சுட்டாங்க." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னை உள்ள வைங்க. ஆனா நாளைக்கு விடியற வரைக்கும் அவகிட்ட சொல்லாதீங்க."

அஸ்கலே எழுந்தாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு வரைக்கும் கிடைக்கலன்னே இருக்கட்டும்."

"புண்ணியமாப் போகும்," என்றாள் ஸெனபெச். "வந்த அன்னிக்கு என் கையப் புடிச்சுக்கிட்டு என்ன கெஞ்சு கெஞ்சினா தெரியுமா? 'எங்கம்மாவுக்கு நெஞ்சுச் சளி, மேல குளிரும், இந்த ஸ்வெட்டரையாவது யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க'ன்னு."

கதவைத் திறக்கப் போன அஸ்கலே நின்றாள்.

"எந்த ஸ்வெட்டர்?"

"நீல ஸ்வெட்டர். அம்மா கொஞ்சம் குண்டாம். அவங்க அளவுக்குப் பாத்து வாங்கியிருந்தா."

அஸ்கலே திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலியா என்று தெரேஜே கேட்டான். ஆமாம் என்றாள்.

காலை 9.35.

அவள் தனியாகப் பின்பக்கத்து அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். போனை எடுத்து ஹிருத்தின் மடியில் வைத்தாள்.

ஹிருத் யார் எடுத்தது என்று கேட்கவில்லை. போனை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"எப்ப தெரிஞ்சுது?" என்றாள் அஸ்கலே.

ஹிருத் நிமிர்ந்தாள்.

"நாளைக்கு நேர்ல கேக்கப்போற குரலுக்காக யாரும் ஈரத் தலையோட போலீஸ் கூப்பிட ஓட மாட்டாங்கம்மா. என்கிட்ட பேசினப்பவும் ஒரு தடவைகூட 'அம்மா மேல இருக்கா'ன்னு நீயா சொல்லல. அண்ணன் சொன்னான், அண்ணன் சொன்னான்னுதான் சொன்ன. குடுத்து அனுப்பக் கெஞ்சின ஸ்வெட்டர நீயே போட்டுக்கிட்ட. எனக்கு உறைக்க இவ்வளவு நேரம் ஆயிருக்கு. அவங்களுக்கு இன்னும் உறைக்கல."

ஹிருத் காலரில் தொங்கிய சீட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் ஆறரைக்கு. சிம் போட்டதும் ஒரு நிமிஷம் எடுத்துது. சித்தி பொண்ணு எழுதியிருந்தா. 'ஊருக்கு வந்துட்டியாமே, கடவுள் உனக்கு தைரியம் குடுக்கட்டும், நாப்பதாம் நாளுக்கு வந்துடறேன்'னு. ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் அணைச்சு வெச்சுட்டு சாப்பிடப் போனேன்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். எதிர்ல அண்ணன் மஞ்ச சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். அவனுக்கு மஞ்சளே புடிக்காது. ஜோக்கெல்லாம் சொன்னான். அம்மா தீர்த்தத்துல பாதிரியாரையே அதட்டறாளாம், அப்படி இப்படின்னு. சிரிச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க? தாடிய எடுத்துட்டு வந்து நிக்கறான் எனக்காக." அவள் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்குத் தெரிஞ்சுதுன்னா அவன் தோத்துப்போனதா நெனச்சுப்பான். சாகற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுவான். அதான் நாளைக்கு வரைக்கும் இருந்துடலாம்னு நெனச்சேன். அவ குரல் கையில இருந்தா இருந்துடலாம். காலைல அதுவும் இல்லன்னதும் என்னால முடியல."

அஸ்கலே இருபத்திரண்டு வருஷ வேலையில் கண்டுபிடித்ததற்காக இவ்வளவு வருத்தப்பட்டதில்லை. அவள் ஹிருத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஹிருத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனுக்குக் கேட்கக் கூடாதே.

"யார் எடுத்தான்னு கேஸு எழுதுவீங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"எழுதல."

"எடுத்தவங்க பத்திரமா வெச்சிருந்தாங்க. மாவு வாசனை வருது."

அவள் போனைத் தலையணை உறைக்குள் விட்டு, கிடைக்காதவள் போலவே முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.30.

பதினாறு பேர் சத்தமில்லாமல் முற்றத்துக்குள் வந்தார்கள். எல்லாரும் கறுப்பு உடை. தெரேஜேயும் கறுப்புச் சட்டைக்கு மாறியிருந்தான். சீருடை இல்லாமல் அஸ்கலே கடைசியில் நின்றாள். எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரி இடத்துக்கு ஆள் கூடுதலாக இருப்பது நல்லதுதான்.

மாமா லெகஸே முன்னால் நின்றார். எழுபத்திரண்டு வயது. காய்ச்சலில் பாதியாகியிருந்தார். பாதிரியார் ஒரு பக்கம், தெரேஜே ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். அவர் பின்பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.

ஹிருத் கதவைத் திறந்தாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள் மாதிரிதான் நின்றாள். இத்தனை பேர் இந்த நேரத்தில் எதற்கு என்று கேட்கிற முகம். நன்றாகத்தான் செய்தாள். அஸ்கலேயே ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"ஹிருத், மகளே," என்று லெகஸே ஆரம்பித்தார். "கடவுள் குடுக்கறாரு..."

நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"கடவுள் குடுக்கறாரு, அவரே..."

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது தடவையும் முயன்றார். பாதிரியார் உதவிக்கு வாயெடுத்தார், கிழவர் கையை உயர்த்தித் தடுத்தார். அவர்தான் சொல்ல வேண்டும். அவராலோ முடியவில்லை. கூட்டம் தரையைப் பார்த்தது. தெரேஜே கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஹிருத் ஒரு நாள் முழுக்கப் பிடித்துவைத்திருந்த முகம் கலைந்தது. வாசற்படியைத் தாண்டி வந்து கிழவரின் இரண்டு கையையும் பிடித்தாள். மெதுவாக அவரைப் படியில் உட்கார வைத்தாள். முன்னால் மண்டியிட்டாள்.

"மாமா," என்றாள். "உங்க தங்கச்சி போயிட்டா."

தெரேஜே கண்ணைத் திறந்தான்.

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை கண்ணை மூடியபோது பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து வீடு வீடாக, ஊர் ஊராக எல்லாருக்கும் அவர்தான் போய்ச் சொன்னார். விழுந்தவர்களையெல்லாம் தாங்கினார். அவரிடம் வந்து சொல்ல அவருக்கு மேலே ஒருவரும் இல்லை.

"போயிட்டாளாம்மா?" என்று கேட்டார்.

"போயிட்டா மாமா."

லெகஸே ஹிருத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார்.